இரண்டாம் பந்தியில் மீன் இருந்தது

எங்கள் கணினி திருத்தும் பட்டறையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செல்வம் தொலைபேசியில் கேட்டான். நான் ஓய்வுபெற்ற பிறகும் அங்கே வேலை செய்கிற பழைய கூட்டாளி அவன்.

"பகிடியா, சிரிக்கிற மாதிரி எழுதுங்கோ அண்ணை. நீங்கள் எழுதினாத்தான் சனம் வாசிக்கும்."

நான் பகிடியாக எழுதியதால் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறான்.

"அதை விடு. இப்ப வேலை எப்பிடிப் போகுது?"

"வேலை எங்கை அண்ணை? பெட்டி வந்தாத்தானே வேலை. பெட்டி தாற அரச திணைக்களம் முழுக்கப் புது சிஸ்டத்துக்கு மாறுது. பழசு அதுக்குச் சரிவராதாம். எல்லாத்தையும் அரைக்கினம்."

"ஹாட் டிரைவைத்தானே?"

"இல்லை. முழுசா. திரை, மூடி, கீபோர்ட் எல்லாம். லொறியில போகுது, தூளா வருது. பாதுகாப்புக் காரணமாம்."

தொலைபேசியை வைத்த பிறகும் கொதிப்பு அடங்கவில்லை. மனைவி புஸ்பம் தேநீர் கொண்டுவந்து தந்தாள். அதையும் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அந்தப் பாதுகாப்புக் காரணத்தின் ஓர் ஓரத்தில் என் கைநாட்டும் இருக்கிறது. அதனால் இதை நானே எழுத வேண்டும். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் கல்வி வரலாறு சிறியது. யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தினேன். ரொறன்ரோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினேன். மாலை வகுப்பில் கணினி திருத்தப் படித்தேன். மூன்று இடத்திலும் கையைச் சுட்டுக்கொண்டேன். அந்த அனுபவத்தை நம்பி என்னை வேலைக்கு எடுத்தவர் பெவர்லி.

பட்டறை அஜின்கோர்ட்டில், ஒரு பிளாசாவின் பின்பக்கம் இருந்தது. முன்பக்கத்தில் புடவைக்கடையும் பேக்கரியும். எங்களுக்கு அவற்றின் குப்பைத் தொட்டிகளும் வாசனையும் மட்டும். அரச அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள் லொறியில் வரும். ஹாட் டிரைவ்களை அவர்களே முன்னதாகக் கழற்றி அழித்துவிடுவார்கள். அதற்கு ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சான்றிதழ் வரும். நாங்கள் மூடியைத் திறந்து தூசு ஊதி, விசைப்பலகைக்குள் இருந்து பிஸ்கட் துகள் எடுத்து, புது டிரைவ் போட்டு, மென்பொருள் ஏற்றி, வாங்க வழியில்லாத வீடுகளுக்குக் கொடுப்போம். எந்த அலுவலகத்தில் வேலை மும்முரம், எந்த அலுவலகத்தில் தேநீர் இடைவேளை மும்முரம் என்று அந்தத் துகளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இரண்டாவது வகைதான் அதிகம்.

பெவர்லி ஜமேக்காவில் பிறந்தவர். கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. சாதாரணமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கோபம் வந்தால் "டார்லிங்" என்பார். கோபம் எல்லை மீறினால் "சேர்" என்பார். அங்கே இருந்த காலம் முழுவதிலும் என்னை அவர் "சேர்" என்று அழைத்தது ஒரே ஒரு முறை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவரிடம் ஒரு விதி இருந்தது. எந்தப் பெட்டியும் வெளியே போகுமுன், அதைத் திருத்தியவர் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் கடிதம் எழுத வேண்டும். சும்மா விசைகளைத் தட்டிவிட்டு எழும்ப முடியாது. ஒரு ஆளுக்கு, ஒரு காரணத்தோடு, முழுப் பக்கம். பின்பக்கமாக வந்து திரையைப் பார்ப்பார். அரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் "டார்லிங்" வரும்.

"சோதனை மென்பொருள் கீபோர்ட் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஸ்பேஸ் பார் ஏழாவது வரியில் ஒட்டிக்கொள்ளும் என்பதை எழுதுகிறவர்தான் சொல்ல முடியும்," என்பார். அவர் முதன்முதலில் இந்த நாட்டில் வேலைக்கு விண்ணப்பம் எழுதியது யாரோ தானமாகக் கொடுத்த ஒரு கணினியில்தானாம். அதில் ஓர் எழுத்து வேலை செய்யவில்லை. விண்ணப்பம் முழுவதும் அந்த எழுத்து இல்லாமலே போயிற்று. வேலையும் போயிற்று.

கடிதம் எழுதி முடித்ததும் அழித்து, கணினியின் குப்பைக் கூடையையும் காலியாக்க வேண்டும். இது விதியின் இரண்டாவது பாதி. நான் முதல் பாதியில் கெட்டிக்காரன்.

தமிழ் வீட்டுக்குப் போகிற பெட்டி என்றால் தமிழ் எழுத்து ஏற்றித் தமிழிலேயே எழுதுவேன். ஆரம்பத்தில் பெவர்லியைத் திட்டி எழுதினேன். அவர் பின்னால் நின்று, "அழகான எழுத்து, யாருக்கு?" என்று கேட்பார். "அம்மாவுக்கு" என்பேன். கொஞ்ச நாளில் திட்டு அலுத்துப்போய் அரச கடிதங்கள் எழுதத் தொடங்கினேன். தேநீர்க் கேத்தலுக்குப் பணிநீக்க உத்தரவு, செல்வத்தின் தொப்பைக்குக் குடியுரிமை மறுப்பு, இப்படி.

ஒருநாள் காலையில் புஸ்பம் வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ, நேற்றும் மீன் மறந்திட்டியள். இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள விளைமீன் வராட்டி நீங்கள் வீட்டுக்குள்ள வரத் தேவையில்லை" என்றாள். அன்று என் மேசையில் ஒரு மடிக்கணினி. தமிழ் வீட்டுக்குப் போவது. உட்கார்ந்து எழுதினேன்:

"அன்புடையீர், தங்களுடைய கோப்பு மீளாய்வு செய்யப்பட்டது. தாங்கள் அளித்த விளக்கங்கள் நம்பத்தகுந்தவை அல்லவெனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. தங்களை வெளியேற்றுவதற்கான நடவடிக்கைகள் உடனடியாக ஆரம்பிக்கப்படும். இதன்பொருட்டு அதிகாரிகள் தங்கள் இருப்பிடத்துக்கு வருகை தருவர்.

எனினும், இன்று மாலை ஐந்து மணிக்குள் இரண்டு இறாத்தல் விளைமீனைச் செதில் தட்டி, தலையோடு கொண்டுவந்து சேர்ப்பீராயின் மேற்படி உத்தரவு மீளப்பெறப்படும். நேற்றுப்போல் இன்றும் மறந்தால் மேன்முறையீடு கிடையாது. இப்படிக்கு, உள்வீட்டு அலுவல்கள் அமைச்சர், புஸ்பம்."

நன்றாக வந்திருந்தது. முதல் பந்தி இன்னும் நன்றாக வந்திருந்தது. வராமல் என்ன? அது என் கற்பனை இல்லை. நானும் அகதியாக வந்தவன்தான். அந்த மொழியில் ஒரு கடிதம் எனக்கே வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேன்முறையீடு முடியும்வரை திரிந்தவன் நான். ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம்.

செல்வத்துக்குக் காட்ட வேண்டும் என்று அழிக்காமல் "கடிதம்" என்று பெயரிட்டுச் சேமித்தேன். செல்வம் லொறியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான். அவன் வருமுன் என்னையும் இறக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது பெட்டி கட்டிப் போயிருந்தது. மீனை மட்டும் மறக்கவில்லை. நாலரைக்கே வாங்கிவிட்டேன். அந்த மகிழ்ச்சியில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. கணினியின் அடிப்பக்கத்தில் திணைக்களத்தின் உடைமை ஒட்டுத்தாள் இன்னும் இருந்தது. அதை உரிக்கவும் மறந்துவிட்டேன்.

அந்தக் கணினி போன இடம் ஒரு பேஸ்மென்ட். அங்கே இருந்தவள் வதனி. மன்னாரில் இருந்து தனியே வந்த இளம்பெண். அகதி விண்ணப்ப விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். தனக்கு ஊரில் நடந்ததை அவள் தன் சொந்த வார்த்தையில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை மொழிபெயர்த்துச் சமர்ப்பிப்பேன் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். வாயால் சொல்லத் தொடங்கினால் அவளுக்குக் குரல் அடைத்துவிடும். அதனால் ஒற்றை விரலால் எழுதினாள். பதினான்கு பக்கம். பெயர் எதுவும் வைக்காமல், தினமும் மூடியை மட்டும் மூடித் திறந்து எழுதியிருக்கிறாள்.

முடிந்த அன்று முறையாகச் சேமிக்கப்போனாள். "கடிதம்" என்று பெயர் கொடுத்தாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றது கணினி. "கடிதம் 2" என்று சேமித்துவிட்டு, முதலாவது என்னவென்று திறந்து பார்த்தாள்.

முதல் பந்தியோடு மூடிவிட்டாள். மூடாமல் யார்தான் மீன்வரை வாசிப்பார்கள்?

குடியேற்ற உதவி நிலையத்தில் அவளுக்கு உதவிய ஜெனிஃபருக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். ஜெனிஃபர் நல்ல பெண். தமிழ் தெரியாது. வந்து திரையைப் படம் பிடித்தாள், அடிப்பக்கத்தில் இருந்த ஒட்டுத்தாளையும் படம் பிடித்தாள். அந்த ஒட்டுத்தாளில் இருந்த இலக்கத்துக்கே அழைத்து, உங்கள் பழைய கணினியில் ஒருவரை நாடுகடத்துகிற ஆவணம் கிடக்கிறது என்று முறையிட்டாள்.

ஓர் ஏழைக்குப் படிவம் ஒன்று தவறிப்போனால் அதைத் தேட மாதக்கணக்கில் எடுக்கும் அலுவலகம் அது. தங்கள் இரகசியம் கசிந்துவிட்டது என்றதும் இரண்டாம் நாளே இரண்டு ஆட்கள் கோட் போட்டுக்கொண்டு வதனியின் கதவைத் தட்டினார்கள். அதிகாரிகள் வருகை தருவர் என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா? தந்தார்கள். கணினியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். விசாரணைக்கு இன்னும் பதினோரு நாள். பதினான்கு பக்கமும் அதற்குள்.

பெவர்லி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஜெனிஃபர் எடுத்த படம்.

"இது உங்கள் மொழிதானே? என்ன எழுதியிருக்கிறது?"

பார்த்ததும் நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்து, இரண்டு பந்தியையும் ஆங்கிலத்தில் சொல்லி, எழுதியவன் யார் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சங்கிலியில் தொங்கவிட்டார்.

"அம்மாவுக்கு எழுதுவதாகச் சொன்னீர்கள், சேர்," என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே திணைக்களத்துக்குப் போனோம். பாதுகாப்பு அதிகாரி சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். சிரிப்பையும் சேர்த்தே சவரம் செய்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"கையெழுத்திட்ட அமைச்சர் யார்?"

"என் மனைவி."

"அவர் அரச ஊழியரா?"

"இல்லை. எங்கள் வீட்டில் அவதான் அரசு."

"மீன் என்பது எதைக் குறிக்கிறது?"

"மீனைத்தான்."

நம்பவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். அது வர ஐந்து நாள். வந்ததும் மறுபடியும் போனோம். புஸ்பத்தின் விளைமீன் அதில் "கடலுணவு, குறிப்பிட்ட எடை" என்று ஆகியிருந்தது. என் பகிடி எவ்வளவு மோசம் என்பதை அன்றுதான் அரச மொழியில் வாசித்தேன். ஒருவழியாக, கசிந்தது இரகசியம் அல்ல, ஒரு மடையனின் கடிதம் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். எழுந்து கைகொடுக்கப் போனேன்.

"சாதனம் நாளை அழிக்கப்படும்," என்றார் அதிகாரி.

"ஏன்? ஒன்றும் இல்லை என்றுதானே சொல்கிறீர்கள்?"

"முத்திரையிட்ட சாதனங்களைத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் நடைமுறை இல்லை. அழிக்க மட்டும்தான் நடைமுறை இருக்கிறது."

இத்தனை வருடம் கழித்தும் இந்த வசனத்தை எழுதும்போது விசைகளை உடைக்கிறமாதிரிக் குத்துகிறேன். ஒரு பெண் வாயால் சொல்ல முடியாததை ஒற்றை விரலால் எழுதிவைத்திருக்கிறாள். அதை அரைக்கப் படிவம் இருக்கிறது, கொடுக்கப் படிவம் இல்லை! நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பாதி தமிழில் இருந்திருக்கும். பெவர்லி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தார்.

"இதை வாசிக்கிறீர்களா, சேர்?"

அந்த 'சேர்' எனக்கில்லை. எனக்குத்தான் குளிர்ந்தது.

அது ஒவ்வொரு லொறியோடும் வருகிற கைமாற்றுப் பத்திரம். திணைக்களம் தானே தயாரித்து, தானே கையொப்பமிட்டது. மூன்றாவது வரி: கையொப்பமிட்ட நேரம் முதல் இப்பொருளில் திணைக்களத்துக்கு எவ்வித உரிமையும் பொறுப்பும் இல்லை. பின்னாளில் பட்டறையில் ஏதாவது தீப்பிடித்தால் தங்களைக் கேட்கக் கூடாது என்பதற்காக அவர்கள் போட்டுவைத்த வரி.

"உரிமை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் ஆட்கள் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் போய் அவளுடைய சொந்தக் கணினியை எடுத்து வந்திருக்கிறார்கள். நான் போலீசைக் கூப்பிடட்டுமா, அல்லது நீங்களே அதை என் கார்வரைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறீர்களா?"

தூக்கிக்கொண்டு வந்தார். கதவையும் திறந்துவிட்டார். திருப்பிக் கொடுக்க நடைமுறை இல்லை என்றவர் ஆறு நிமிடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

விசாரணைக்கு அப்போது நாலு நாள் இருந்தது. கணினியை வதனியிடம் கொண்டுபோகும் வேலையை பெவர்லி எனக்குத் தந்தார். "எழுதியவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்" என்றார். ஜெனிஃபர் கூட வந்தாள். வதனி கதவைப் பாதி திறந்தாள். வீட்டுக்குள்ளேயே காலில் சப்பாத்து.

"பிள்ளை, உங்கடை கொம்பியூட்டர். உங்கடை எழுத்து எல்லாம் அப்பிடியே இருக்கு."

வாங்கிக்கொண்டுபோய், நின்றபடியே திறந்து, பதினான்கு பக்கத்தையும் கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். ஜெனிஃபர் அந்த இடத்திலேயே அதை வழக்கறிஞருக்கு அனுப்பிவைத்தாள். அதன் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அந்த மற்றக் கடிதம் நான் எழுதினது. பகிடிக்கு எழுதினனான். அழிக்க மறந்திட்டன்."

"நீங்களோ?"

"ஓம்."

"பகிடிக்கோ?"

"ஓம் பிள்ளை. ரெண்டாம் பந்தியில..."

"நான் அதை வாசிச்ச நேரத்தில இருந்து சப்பாத்தைக் கழட்டேல்லை, அங்கிள். சப்பாத்தோடதான் படுத்தனான். கதவு தட்டினவுடனை பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவங்களுக்கு முன்னால நிண்டனான். அவங்கள் என்னைப் பாக்கவேயில்லை. கொம்பியூட்டரை மட்டும் கொண்டு போயிட்டாங்கள். ஆளுக்கு எப்ப வருவாங்களோ எண்டு இண்டைக்கும் பை கதவடியிலதான் கிடக்கு. இந்தா பாருங்கோ உங்கடை பகிடியை."

பார்த்தேன். நீலப் பை. சிப் முழுவதும் இழுத்து மூடியிருந்தது.

"அந்த ரெண்டாம் பந்தியை வாசியுங்கோ," என்றாள்.

வாசித்தேன். இரண்டு இறாத்தல், செதில், தலை, புஸ்பம். "சரி, போயிட்டு வாங்கோ," என்று கதவைச் சாத்தினாள்.

விசாரணை அதே கணினியில் இணையவழி நடந்தது. அவளை ஏற்றுக்கொண்டார்கள். ஜெனிஃபர் சொல்லித்தான் அறிந்தேன்.

திணைக்களம் மறக்கவில்லை. முதலில் நினைவகச் சில்லுகளையும் பிடுங்கிவிட்டு அனுப்பினார்கள். பிறகு மின்வடங்களை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். இப்போது முழுதாக அரைக்கிறார்கள். அறிவித்தலில் "முன்னர் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கருத்திற்கொண்டு" என்று ஒரு வரி. அந்தச் சம்பவம் நான்தான். என் கடிதம் கிடந்தது நாங்கள் போட்ட டிரைவில், அவர்களுடைய டிரைவ் அதற்கு முன்பே தூளாகிவிட்டது என்று ஐந்து முறை எழுதிவிட்டேன். பதில் வந்தது. முதல் பந்தி மட்டும்.

வேலைக்கு விண்ணப்பமா, இணையத்தில் போடு. பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவா, இணையத்தில் போடு. உன் உயிர்க்கதையா, அதையும் இணையத்தில் அனுப்பு. கவுண்டரை மூடிவிட்டு, ஆளையும் எடுத்துவிட்டு, இணையத்துக்கு வா என்கிறார்கள். அங்கே வருவதற்கு ஒரு பெட்டி கேட்டால், நன்றாக ஓடுகிற பெட்டியை நம் கண்முன்னாலேயே அரைக்கிறார்கள். மடையன் நான்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. தண்டனை எனக்கல்லவா வரவேண்டும்? நான் மில்லிக்கனில் சொந்த வீட்டில் ஓய்வூதியத்தோடு இருந்து தேநீர் குடிக்கிறேன். தண்டனை அனுபவிக்கிறது எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பேஸ்மென்ட். பெவர்லி இப்போது பட்டறையில் இல்லை. இருந்தால் அந்த அதிகாரிகளை ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருப்பார். எழுதி முடித்த பிறகு அரையுங்கள் பார்ப்போம், சேர் என்றிருப்பார்.

செல்வம் கேட்ட அதே வாரம் வாசலில் மணி அடித்தது. வதனி. இப்போது ரூஜ் பகுதியில் வீடு, பல் வைத்தியசாலையில் வேலை, செல்வத்திடம் விலாசம் வாங்கியிருக்கிறாள். கையில் அதே மடிக்கணினி.

"ஸ்பேஸ் பார் ஒட்டுது, அங்கிள். புதுசு வாங்கலாம். எனக்கு இதைத்தான் திருத்தோணும்."

சமையல் மேசையில் வைத்துத் திறந்தேன். ஸ்பேஸ் பார் கட்டைக்கு அடியில் பிஸ்கட் துகள். இது அரச பிஸ்கட் இல்லை, நம்முடைய முறுக்கு. துடைத்துக் கட்டையை மறுபடி பூட்டினேன். பழைய பழக்கத்தில், "ஒரு பக்கம் எழுதிப் பாருங்கோ பிள்ளை" என்றேன். உட்கார்ந்து எழுதினாள். இப்போது பத்து விரல். நான் பெவர்லிபோல் பின்னால் போய் நின்றேன்.

"அன்புடையீர், தங்களுடைய கோப்பு மீளாய்வு செய்யப்பட்டது."

ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரிகள் வருகை தருவர் என்பதுவரை எழுதி நிறுத்தினாள்.

"ரெண்டாம் பந்தி?" என்றேன்.

"அது எனக்கு ஞாபகமில்லை."

அவள் எழும்பவில்லை. நான் குனிந்து அந்தக் கடிதத்தை அழித்தேன். குப்பைக் கூடையையும் திறந்து காலியாக்கினேன். காலியாகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மூடியை மூடிப் பைக்குள் வைத்து, வாசலுக்குப் போய், சப்பாத்தைப் போட்டாள். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

"அங்கிள், தலையோட வாங்கோணும். செதில் தட்டி."

சுவரைப் பார்த்தேன். மணி நாலே முக்கால்.